குழித்தறிக்கு ஒரு வீடு

(இளங்கலைப் பொருளியல், மூன்றாம் ஆண்டு)

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். வாடகை வீட்டில் குழித்தறி போட்டுப் பார் என்று அவர்கள் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் நெசவாளி குடியிருந்த வீடு ஓலைக் குடிசையானாலும் பெரும்பாலும் அவனுடையதாகவே இருந்திருக்கலாம். இன்று எங்கள் வெண்ணந்தூரில் நிலைமை அப்படி இல்லை. விசைத்தறிச் சத்தம் விடாது கேட்கும் தெருக்களுக்கு நடுவே, இன்னும் கையால் நெய்துகொண்டு, மாதா மாதம் வாடகையும் கொடுத்துக்கொண்டு வாழும் குடும்பங்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அவர்கள் பெயரை நான் எழுதவில்லை. அண்ணன், அக்கா என்றுதான் நான் அவர்களை அழைப்பது வழக்கம்; இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு அது. மண்சுவர் எழுப்பி நாட்டு ஓடு வேய்ந்த பழைய வீடு. முன்பாதியில் வீட்டுக்காரர்களான ஆயாவும் அவருடைய மகன் குடும்பமும் இருந்தார்கள். பின்பாதியில் அண்ணனும் அக்காவும், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகளும், அண்ணனின் தாயாரும். பதினொரு ஆண்டுகளாக அங்கேதான் குடியிருந்தார்கள். வாடகை 2,500 ரூபாய். ஒருவருக்கொருவர் குழம்பு கொடுத்து வாங்கிய குடும்பங்கள். வாடகை ஒப்பந்தம் என்று ஒரு காகிதம் இருக்க வேண்டும் என்பது இரு தரப்பாருக்கும் தோன்றியதே இல்லை.

2025ஆம் ஆண்டு வைகாசியில் ஆயா வீட்டுக்கு ஒரு நல்ல சேதி வந்தது. பிரதம மந்திரி வீட்டு வசதித் திட்டத்தின் நகர்ப்புறப் பிரிவில், பழைய வீட்டை இடித்துவிட்டுப் புது வீடு கட்டிக்கொள்ள அவர்கள் போட்டிருந்த மனு ஏற்கப்பட்டது. வெண்ணந்தூர் பேரூராட்சி ஆகையால் ஊரகத் திட்டங்கள் நமக்கு இல்லை, நகர்ப்புறத் திட்டம்தான். சொந்த இடம் வைத்திருந்து, நாட்டில் வேறெங்கும் நல்ல கட்டட வீடு இல்லாத ஏழைக் குடும்பம் தானே கட்டிக்கொண்டால், ஒன்றிய அரசின் பங்காக 1.50 இலட்சம் ரூபாய் தவணை தவணையாக வரும். மாநில அரசும் தன் பங்கைச் சேர்க்கும். ஆயாவின் குடும்பம் எல்லா வகையிலும் அதற்குத் தகுதியான குடும்பமே. மழைக்காலத்தில் அந்த முன்பாதி எப்படி ஒழுகும் என்பதை நானே பார்த்திருக்கிறேன்.

ஆனால் வீடு இடிபட்டால் பின்பாதியும் சேர்ந்தே இடிபடும். ஓர் ஏழைக்கு வீடு கொடுக்க வந்த பணம் இன்னோர் ஏழையின் வீட்டை எடுத்துவிட்டது. இதில் யாரைக் குற்றம் சொல்வது? ஆயா அழுதுகொண்டேதான் சொன்னாராம், "ஆவணிக்குள்ள வேற வூடு பாத்துக்கோ கண்ணு" என்று.

அன்றிரவு அக்கா எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். நான் கல்லூரியில் படிக்கிறவன். எனவே காகிதம் சம்பந்தப்பட்ட எதுவும் எனக்குத் தெரியும் என்பது எங்கள் தெருவின் நம்பிக்கை. ஒரு மஞ்சள் பையில் இருந்ததையெல்லாம் அக்கா என் முன்னே கொட்டினார். குடும்ப அட்டை, ஆதார் அட்டைகள், நெசவாளர் அடையாள அட்டை, கூட்டுறவுச் சங்கப் புத்தகம், வங்கிப் புத்தகம், மின்கட்டண அட்டை. "வூடு மாறுனா ரேசன் போயிருமாம். மாசம் வர்ற ஆயிரமும் நின்னுருமாம். கரண்டும் போயிரும். நெசமாங்க தம்பி?" என்று கேட்டார்.

யார் சொன்னார்கள் என்று கேட்டேன். எல்லாரும் சொல்கிறார்கள் என்றார்.

ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தோம். ரேசன் போகாது. 2020 அக்டோபர் முதல் நம் மாநிலத்தில் விரல்ரேகை வைத்து எந்த நியாயவிலைக் கடையிலும் பொருள் வாங்கலாம். முகவரியைப் பிறகு மாற்றிக்கொண்டால் போதும். 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் ரூபாய் அக்காவின் வங்கிக் கணக்குக்கு வருகிறது. அடுத்த தெருவுக்குக் குடி போனதற்காக அது நிற்காது. இந்த இரண்டையும் சொன்னதும் அக்காவின் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. மூன்றாவதைப் பற்றி என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை.

மின்சாரச் சலுகை மனிதரைப் பின்தொடர்ந்து வருவதில்லை. அது மீட்டரோடு ஒட்டிக்கொண்டது. நம் மாநிலத்தில் 2016 முதல் எல்லா வீடுகளுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். கைத்தறி நெசவாளர்களுக்கு அதற்கும் முன்பே, 2006 முதல் 100 யூனிட் இருந்தது. அது 2016இல் 200 ஆகி, 2023 மார்ச்சு முதல் 300 ஆயிற்று. விசைத்தறிக்கு இப்போது 1,000 யூனிட். அண்ணன் குடியிருந்த பின்பாதிக்குத் தனி மீட்டர் இருந்தது. காலஞ்சென்ற தாத்தாவின், அதாவது ஆயாவின் கணவரின், பெயரில். அந்த இணைப்பில்தான் கைத்தறிச் சலுகை பதிவாகியிருந்தது. வீடு இடிந்தால் அந்த இணைப்பு போகும், அதோடு சலுகையும் போகும். புது வீட்டில் வேறொருவர் பெயரில் வேறொரு மீட்டர். அங்கே முதலிலிருந்து தொடங்க வேண்டும். பல வீடுகளில் வாடகைக்காரருக்கு அந்தப் பொதுவான 100 யூனிட் கூடக் கிடைப்பதில்லை. வீட்டுக்காரர் யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் என்று ஒரே கணக்காக வாங்கிவிடுகிறார். கேட்டால் "இஷ்டமிருந்தா இருங்க" என்ற பதில்தான் வரும்.

"அப்ப எங்களுக்கும் அந்த வூட்டுப் பணத்துக்கு எழுதிப் போடலாமுங்களா?" என்று அண்ணன் கேட்டார். அவர் அதிகம் பேசாதவர். எழுதிப் போட்டோம். ஓர் அலுவலகத்தில் மனுவை வாங்கிப் படித்தவர், "சொந்த இடம் இருக்குதுங்களா?" என்றார். இல்லை என்றோம். "இடம் இல்லாம வூடு எங்கீங்க கட்டுவீங்க?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார். அவர் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. நாம் போட்டிருக்கும் வீட்டுத் திட்டங்களில் பெரும்பாலானவை பட்டாவிலிருந்து தொடங்குகின்றன. நெசவாளர்களுக்கென்றே முன்பு பசுமை வீடுகள் கட்டிக் கொடுத்தபோதும் மனையிடம் வைத்திருந்தவர்தான் பயன்பெற்றார். அரை சென்ட் நிலம் வைத்திருப்பவன் ஏழைகளின் பட்டியலில் ஓரிடம் பெறுகிறான். அதுவும் இல்லாதவன் அந்தப் பட்டியலுக்கே வர முடிவதில்லை.

இதை எங்கள் துறைப் பேராசிரியரிடம் சொன்னபோது, அவர் இங்கிலாந்தின் நிலையை விளக்கினார். அங்கே வருமானம் குறைந்த குடும்பத்தின் வாடகையில் ஒரு பங்கை அரசே கொடுக்கிறது. ஆனால் 2013 ஏப்ரல் முதல், சமூக வீடுகளில் வாடகைக்கு இருக்கும் குடும்பத்துக்குத் தேவைக்கு மேல் ஒரு படுக்கையறை இருந்தால் வாடகைக் கணக்கில் 14 விழுக்காட்டையும், இரண்டு இருந்தால் 25 விழுக்காட்டையும் பிடித்துக்கொண்டார்கள். பெரிய கூச்சல் எழுந்ததாம். எனக்கு அப்போது அண்ணன் வீட்டுத் தறி அறைதான் நினைவுக்கு வந்தது. ஐந்து பேர் படுத்துறங்கும் வீட்டில் தறிக்கென்று ஓர் அறையை விட்டு வைத்திருக்கிறார்களே, அதை எந்தக் கணக்கில் எந்த அதிகாரி சேர்ப்பார்?

மாடி வீட்டுக் குடியிருப்புக்கும் யோசனை சொன்னார்கள் சிலர். 1970இல் குடிசை மாற்று வாரியம் என்ற பெயரில் தோன்றி, 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய வாரியம் கட்டும் அடுக்குமாடிகள் அவை. பயனாளியும் ஒரு பங்குத் தொகை கட்ட வேண்டும். அதைக்கூடக் கடன் வாங்கிக் கட்டிவிடலாம் என்று நான் சொல்லத் தொடங்கினேன். அக்கா சிரித்தார். அந்த வாரங்களில் அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

"மூணாவது மாடியில குழி தோண்ட வுடுவாங்களா தம்பி? எங்களுக்கு வூடுகூட அப்புறம். குழிதான் மொதல்ல வேணும்."

நம்மில் தறி பார்க்காத நண்பர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். குழித்தறி என்பது தரையில் தோண்டிய குழியோடு சேர்ந்தது. நெய்கிறவர் குழியின் விளிம்பில் உட்கார்ந்து கால்களைக் கீழே தொங்கவிட்டு மிதிகளை மாற்றி மாற்றி மிதிப்பார். பாவு தரைக்குச் சற்று மேலே ஓடும். மண்ணின் ஈரம் நூலைப் பதமாக வைத்திருக்கும். சித்திரை வெயிலிலும் இழை அறுவது குறையும். குழியில் சிமெண்டு பூசினால்கூடச் சிலர் ஒப்புவதில்லை. அண்ணன் வீட்டுக் குழியின் ஒரு பக்கத்தில் அவர் கால் பட்டுப் பட்டு மண் பளிங்கு போல் மின்னும். எடுத்துச் செல்ல முடியாத ஒரே தறிச் சாமான் அந்தக் குழிதான். மற்ற எல்லாவற்றையும் ஒரு மாட்டு வண்டியில் ஏற்றிவிடலாம்.

நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு நம் நாட்டில் 35.22 இலட்சம் கைத்தறித் தொழிலாளர்களைக் கணக்கிட்டது. அவர்களுள் எத்தனை பேர் பிறர் வீட்டுத் தரையில் குழி தோண்டியிருக்கிறார்கள் என்று என்னைக் கேட்டால், எங்கள் தெருவில் எத்தனை பேர் என்பதை மட்டும் சொல்வேன். நான்கு பேர்.

வீடு தேடினோம். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அண்ணனும். மற்ற நாட்களில் அக்கா. வெண்ணந்தூரில் வீடு இல்லாமல் இல்லை. பளபளக்கும் டைல்சு பதித்த வீடுகள், மோட்டார், தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்த வீடுகள் இருந்தன. குழி என்ற சொல்லைக் கேட்டதும் வீட்டுக்காரர் முகம் மாறிவிடும். டைல்சைப் பெயர்த்து இரண்டடிக்கும் மேல் தோண்ட எவர் சம்மதிப்பார்? ஒருவர் மட்டும் சம்மதித்தார். ஆனால் முன்பணம் 50,000 கேட்டார். 2017ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தில், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாத வரையில், குடியிருப்பு வீட்டுக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று இருக்கிறது. இதை நான் மெல்ல எடுத்துச் சொன்னேன். "அப்படீன்னா சட்டத்துக்கிட்டயே வூடு கேளுங்க தம்பி" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

இதற்கிடையில் ஒரு வேடிக்கை. ஆயாவும் வீடு தேடிக்கொண்டிருந்தார். கட்டி முடியும் வரையில் அவர்களும் எங்காவது வாடகைக்குத்தானே இருந்தாக வேண்டும்? ஒரே வீட்டு வாசலில் ஒரு நாள் காலையில் அக்காவும் மாலையில் ஆயாவும் போய் விசாரித்திருக்கிறார்கள். வாடகை 4,000 என்று கேட்டதும் ஆயா திகைத்துப் போனார். எழுபது வயதில் முதன்முறையாக வாடகைக்காரியாகப் போகிறவர் அவர். அதற்குப் பிறகு அவர் அண்ணனை அவசரப்படுத்தவே இல்லை.

ஆடி பிறந்தது. ஆடியில் குடி மாறமாட்டார்கள், கடைக்காலும் தோண்டமாட்டார்கள். சட்டத்தில் எங்கே தேடினாலும் கிடைக்காத முப்பது நாள் அவகாசத்தைப் பஞ்சாங்கம் இரு குடும்பங்களுக்கும் கொடுத்தது.

அந்த ஆடி மாதத்தில்தான் ஆயாவிடம் ஒரு கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. பதினொரு ஆண்டுகள் இந்த வீட்டில் வாடகைக்கு இருந்து நெய்தார்கள் என்று வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்தால், கூட்டுறவுச் சங்கத்தின் கடிதத்தோடு சேர்த்து, மின் சலுகையைப் புது இணைப்புக்கு மாற்றக் கேட்கலாம் என்று எங்களுக்குச் சொன்னார்கள். ஆயா கையெழுத்துப் போட மறுத்தார்.

"ஏங் கண்ணு, எழுதிக் குடுத்துட்டா நாளைக்கு வூடே அவங்களுதுன்னு ஆயிருமாமே? அந்தக் காலத்துல அப்படித்தான் பண்ணையக்காரங்க எடமெல்லாம் போச்சு."

அவர் சொன்னது வெறும் கற்பனை அல்ல. 1971இல் தமிழ்நாட்டில் குடியிருப்பு உரிமைச் சட்டம் ஒன்று வந்தது. அந்த ஆண்டு சூன் 19 அன்று பிறர் நிலத்துக் குடியிருப்பில் இருந்த விவசாயிகளுக்கும் விவசாயத் தொழிலாளர்களுக்கும் அந்த இடத்தை அது உரிமையாக்கியது. எத்தனையோ ஏழைகள் அதனால் நிமிர்ந்தார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல் கடந்த பிறகு, அதன் நினைவு இன்னோர் ஏழையின் கையைக் கையெழுத்துப் போட விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சட்டம் வேறு, இது வேறு என்று நான் ஆயாவுக்கு மூன்று மாலைகள் விளக்கினேன். இடித்துக் கட்டுவதற்காகக் காலி செய்யச் சொல்ல வீட்டுக்காரருக்கு இன்றைய சட்டத்திலேயே இடம் உண்டு. கட்டிய பின் பழைய வாடகைக்காரர் திரும்பி வருவதும் இரு தரப்பும் ஒத்து எழுதிக்கொண்டால் மட்டுமே. "உங்க வூட்ட யாரும் எடுக்க முடியாதுங்க ஆயா" என்றேன். நான்காம் நாள், என்னை நம்பி அல்ல, தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரிடம் படித்துக் காட்டி உறுதி செய்துகொண்டு, கைநாட்டு வைத்தார். வைத்துவிட்டு, "இது மொதல்லயே தெரிஞ்சிருந்தா அவளுக்கு எழுதியே குடுத்திருப்பனே" என்றார்.

புது வீட்டின் பின்பக்கத்தில் அண்ணனுக்கு ஓர் அறை விட முடியுமா என்றும் பேசிப் பார்த்தோம். அரசு கொடுக்கும் பணத்துக்கும் அவர்கள் வாங்கும் கடனுக்கும் ஒரு கூடம், ஓர் அறை, சமையற்கட்டு, கழிப்பறை இவ்வளவுதான் வரும். ஆயாவின் மகன் தரையில் கோடு போட்டே காட்டினார். அதற்கு மேல் எப்படிக் கேட்பது?

வீடு கிடைத்தது ஆடி இருபதுக்கு மேல். இரண்டு தெரு தள்ளி, முன்பு நெசவு செய்துவந்த ஒரு பெரியவரின் வீடு. மகன் திருப்பூருக்கு பனியன் வேலைக்குப் போய்விட, தறியை விற்றுவிட்டுக் குழியை மண் போட்டு மூடி மேலே சிமெண்டு பூசியிருந்தார். தரையில் ஓரிடத்தில் மட்டும் நிறம் வேறாக இருப்பதை அக்காதான் முதலில் கண்டார். "இங்க தறி இருந்துதுங்களா?" என்று கேட்டதும் பெரியவர் அரை மணி நேரம் தறிக் கதை பேசினார். வாடகை 3,500. முன்பணம் மூன்று மாதம். குழியைத் திறந்துகொள்ளச் சம்மதம். காலி செய்யும்போது மூடிக் கொடுக்க வேண்டும். இந்தக் கடைசி வரியையும் சேர்த்து ஒப்பந்தம் எழுதினோம். சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்யப்பட வேண்டும். பதிவுக்கான விண்ணப்பத்தை நான் இணையத்தில் நிரப்பியபோது பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் பெயரின் எழுத்துக்களைச் சரிபார்த்துக்கொண்டே இருந்தார்.

தறியை உடனே இறக்க முடியவில்லை. ஏறியிருந்த பாவை நெய்து முடித்தால்தான் அவிழ்க்கலாம். ஆவணி முதல் வாரம் வரை அண்ணனும் அக்காவும் இரவிலும் மாற்றி மாற்றி நெய்தார்கள். பிறகு தறி இறங்கியது, குழி திறந்தது. உள்ளே பழைய ஈரம் அப்படியே இருந்தது என்று அண்ணன் சொன்னார். தறியைப் பூட்டி, மட்டம் பார்த்து, புதுப் பாவு பிணைத்து முதல் துணி விழ மேலும் இருபத்தாறு நாள் ஆயிற்று. இருபத்தாறு நாளும் கூலி இல்லை. பெரிய பையனின் பள்ளிச் சீருடை தள்ளிப் போனது. அண்ணனின் தாயார் மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுக்கொண்டார். அதைப் பாட்டி ஒருவரிடமும் சொல்லவில்லை. மாத்திரை அட்டை தீராமல் இருந்ததை வைத்து அக்கா கண்டுபிடித்துவிட்டார்.

மின் சலுகைக்கு மூன்று முறை நடந்தோம். முதல்முறை சங்கக் கடிதத்தில் தேதி இல்லை என்றார்கள். இரண்டாம் முறை தறியை நேரில் பார்த்த பிறகுதான் என்றார்கள். பார்க்க வந்தவர் நல்ல மனிதர். குழிக்குள் இறங்கி நின்று, "என் அப்பாவும் நெய்தவர்தான்" என்று சொல்லிப் போனார். தை மாதக் கணக்கில் சலுகை பதிவாகிவிட்டது. அதுவரை வந்த இரண்டு கட்டணங்களை அண்ணன் கைக்காசிலிருந்து கட்டினார்.

வீட்டுமனைப் பட்டாவுக்கான மனு இன்னும் நிற்கிறது. ஒரு திங்கட்கிழமை இராசிபுரம் போய், அங்கிருந்து பேருந்து மாறி நாமக்கல் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் மக்கள் குறைதீர்க்கும் நாளில் அதைக் கொடுத்தோம். நீண்ட வரிசை. எங்களுக்கு முன்னால் நின்ற அம்மாவும் மனையிடம் கேட்டுத்தான் வந்திருந்தார். பின்னால் நின்றவரும் அதற்கே. அக்கா அவர்களோடு பேசிப் பேசி, யார் எந்த ஊர், எத்தனை ஆண்டு வாடகை, எத்தனை வீடு மாறினார்கள் என்று எல்லாம் தெரிந்துகொண்டார். ஓர் எண் போட்ட சீட்டுக் கொடுத்தார்கள். இரண்டு மாதம் கழித்து, தகுதியான நிலம் இருந்தால் பரிசீலிக்கப்படும் என்று பதில் வந்தது.

ஆயாவின் வீடு இப்போது, இந்த மாசியில், சன்னல் மட்டம் வரை எழும்பியிருக்கிறது. அடுத்த தவணைப் பணம் வரவேண்டும். அவர் வாடகைக்கு இருக்கும் வீடு அண்ணனின் புது வீட்டுக்கு எதிர்ச்சாரியில்தான். பகலில் பேச்சுத் துணைக்கு அக்காவின் தறியண்டை வந்து உட்கார்ந்துகொள்கிறார்.

அடுத்த வாரம் மனை கேட்ட மனுவின் மேல் விசாரணைக்குக் கிராம நிர்வாக அலுவலர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அன்று காலை எனக்குத் தேர்வு. கூட இருக்க முடியாது என்று அக்காவிடம் சொன்னேன். "நீங்க பரீச்சைய எழுதுங்க தம்பி" என்று சொல்லிவிட்டு மஞ்சள் பையை எடுத்து, காகிதங்களை மனு, சீட்டு, ஒப்பந்தம், சங்கக் கடிதம் என்ற வரிசையில் அடுக்கி, நூல் போட்டுக் கட்டினார். எந்தக் காகிதம் எதற்கு என்பது இப்போது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.